குழுவில் ஓர் இடம் காலி!

மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது!

தாரிகா கைபேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, மறு கையால் மேசையில் தாளம் போட்டாள்.

'எடுங்கோ சேர்... எடுங்கோ...'

வடமுனைப் பல்கலைக்கழகத்தின் தர உறுதிப் பிரிவுக்கு அவள்தான் இணைப்பாளர். கேட்கச் சுலபமான வேலை. கடற்றொழில் துறை செய்திருக்கும் ஆராய்ச்சிகள் உருப்படியானவையா, குப்பையா என்று தீர்ப்புச் சொல்ல மூன்று நிபுணர்களைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்!

ஒருவர், "மகளின்ரை கலியாணம் பிள்ளை" என்று நழுவினார். இன்னொருவருக்குத் திடீரென்று கண் தெரியாமல் போய்விட்டது. ஓம் என்று தலையாட்டியவரோ, துறைத் தலைவருக்கு மச்சான் முறை! யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நிபுணரைத் தேடுவது லேசுப்பட்ட காரியமா?

கடைசியில் கிடைத்தார்கள். கொழும்பில் ஒருவர். ஆஸ்திரேலியாவில் ஒருவர். குழுத் தலைவராகக் குருநகரில் ஒருவர்.

பேராசிரியர் அருட்பிரகாசம். ஓய்வு பெற்ற கடலியல் நிபுணர். தப்பு என்றால் தம்பியின் கட்டுரையையும் தூக்கி எறிகிற மனிதர்.

வெள்ளிக்கிழமை குழு கூட வேண்டும். இன்று செவ்வாய். தலைவர் போனை எடுக்கவில்லை.

டக்!

எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ சேர், நான் தாரிகா கதைக்கிறன்..."

பதிலுக்கு வந்தது ஓர் அலறல்!

"ஐயோ... அப்பா! எழும்புங்கோ அப்பா!"

தாரிகா கதிரையை விட்டு எழுந்தாள். "ஆர் கதைக்கிறது? என்ன நடந்தது?"

"நான் ஜெசிதா... மகள்... வேலையாலை வந்து பாக்கிறன், அப்பா பாத்ரூம் வாசல்லை விழுந்து கிடக்கிறார்! தலையெல்லாம் ரத்தம்!"

"அம்புலன்சுக்கு அடிச்சனீங்களோ?"

"அடிச்சிட்டன்..." சட்டென்று ஜெசிதாவின் குரல் மாறியது. "மிஸ்... நீங்கள் அனுப்பின பனங்காய்ப் பணியாரத்திலை என்ன போட்டனீங்கள்?"

"நான்... என்னது?"

"உங்கடை பேர் போட்ட பை ஒண்டு மத்தியானம் கேற்றிலை தொங்கினதெண்டு அப்பா போனிலை சொன்னவர். அதைச் சாப்பிட்டுத்தான் இப்பிடி!"

லைன் கட்.

தாரிகா கைபேசியையே பார்த்தாள்.

அவளுக்குப் பனங்காய்ப் பணியாரம் சுடவே தெரியாது!

ஆஸ்பத்திரி விறாந்தையில் இன்ஸ்பெக்டர் சிவதர்ஷன் காத்திருந்தான். இளம் வயது. சிரித்த முகம். அந்தச் சிரிப்பை நம்பி உண்மையைக் கொட்டியவர்கள் பலர் இப்போது உள்ளே இருக்கிறார்கள்.

"வாங்கோ மிஸ். பலகாரம் அனுப்பினது நீங்கள்தானாம்?"

"இல்லை சேர்! சத்தியமா இல்லை!"

"பையிலை 'தாரிகா, தர உறுதிப் பிரிவு' எண்டு கிடக்குது."

"நஞ்சு குடுக்கிறவ தன்ரை பேரையும் எழுதி விடுவாவோ?"

சிவதர்ஷன் தலையாட்டினான். "நியாயமான கேள்வி. ஆனால், அது நஞ்சில்லை."

"பின்னை?"

"பேதி மருந்து!"

"என்ன?"

"ஓம். ஒரு மாட்டுக்குக் காணுமான அளவு. வயித்தாலை போய்ப் போய், உடம்பிலை தண்ணியில்லாமல், பிரஷர் விழுந்து, மயங்கி, தலையைக் கதவிலை அடிச்சுக்கொண்டு விழுந்திருக்கிறார். ஏற்கெனவே இருதய வருத்தக்காரர். நாளைக்கு விடியாமல் ஒண்டும் சொல்லேலாது எண்டு டொக்டர் கையை விரிச்சிட்டார்."

தாரிகாவின் கண்கள் கலங்கின. முதலில் மறுத்துவிட்ட மனிதரிடம் மூன்று தடவை வீடு தேடிப் போய்க் கெஞ்சியவள் அவள். "நான் கேக்காமல் விட்டிருந்தால் இந்த மனுசன் இப்ப வீட்டிலை பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருந்திருக்கும்."

"அழாதேங்கோ. முதலிலை இதைச் சொல்லுங்கோ. இவர் குழுவிலை இருக்கிறது ஆருக்குத் தெரியும்?"

"வெளியிலை ஒருத்தருக்கும் தெரியாது சேர். கூட்டம் முடியும் மட்டும் பேரைச் சொல்லமாட்டம். சொன்னால் சிபாரிசு, சண்டை, கோயில் பிரசாதம் எல்லாம் வீடு தேடி வந்திடும். எனக்கு, துணைவேந்தருக்கு, மூண்டு உறுப்பினருக்கு. அவ்வளவுதான்."

"மதிப்பிடுற துறைக்கு ஆர் தலைவர்?"

"கலாநிதி ஜெயரூபன்." தாரிகா தயங்கினாள். "அவரின்ரை கடலட்டைக் கட்டுரையை அருட்பிரகாசம் சேர் ரெண்டு தரம் திருப்பி அனுப்பினவர். ஜெயரூபன் சேர் ஒரு கூட்டத்திலை எழும்பி, 'இந்தக் கிழவன் இருக்கும் மட்டும் நாங்கள் உருப்படமாட்டம்' எண்டு கத்தினவர்."

சிவதர்ஷன் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

"ஜீப்பிலை ஏறுங்கோ!"

ஜெயரூபன் முழங்கால்வரை காற்சட்டையை மடித்துக்கொண்டு, கடற்றொழில் துறையின் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்றார். காலடியில் கறுப்புக் கறுப்பாய்க் கடலட்டைகள்.

"பேராசிரியர் அருட்பிரகாசத்தைக் கடைசியா எப்ப பாத்தனீங்கள்?"

"அந்தாளையோ? இந்த வருசம் காணவே இல்லை. ஏன்?"

"ஆஸ்பத்திரியிலை கிடக்கிறார். ஆரோ மருந்து குடுத்திட்டினம்."

"ஐயையோ! அவருக்கு ஆர் குடுத்தது? ஏன்?"

"உங்கடை துறையை மதிப்பிடுற குழுவுக்கு அவர்தான் தலைவர். அதாலை!"

ஜெயரூபன் நிமிர்ந்தார். பிறகு, அந்த முகத்தில் சிவதர்ஷன் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது.

அது மலர்ந்தது!

"அவரோ? அவரோ எங்கடை தலைவர்?" தாரிகாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உண்மையாவோ?"

மறுகணமே முகம் சுருங்கியது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சேர்... அவரை எப்பிடியாவது காப்பாத்துங்கோ!"

"உங்கடை கட்டுரையைத் திருப்பினவர் எல்லோ?"

"ஓம், திருப்பினவர்! ரெண்டு தரமும் அவர் சொன்ன பிழை பிழைதான். அண்டைக்குக் கோவத்திலை கத்தினன். வீட்டை போய்த் திருத்தினன்." ஜெயரூபன் தொட்டியைக் காட்டினார். "இஞ்சை எட்டுப் பிள்ளையள் ரெண்டு வருசமா உப்புத் தண்ணிக்கை நிண்டு தரவு எடுத்ததுகள். எல்லாம் இந்தியாவிலை இருந்து களவெடுத்தது எண்டு ஊர் முழுக்கக் கதை! ஆரோ ஒரு ஆமாம்சாமி வந்து நல்லது எண்டால் ஆர் நம்புவினம்? அந்த மனுசன் நல்லது எண்டு சொன்னால் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்!"

சிவதர்ஷன் ஜீப்புக்கு நடந்தான்.

"செய்தது உவர் இல்லை மிஸ்."

"எப்பிடித் தெரியும்?"

"அந்தச் சந்தோசத்தை நடிக்கேலாது. நடிக்கத் தெரிஞ்சவர் அட்டை வளர்க்க மாட்டார்." ஸ்டியரிங்கில் விரலால் தட்டினான். "எனக்கு இடிக்கிறது பேதி மருந்து. கொல்ல நினைக்கிற ஆள் ஏன் பேதி குடுக்க வேணும்? இதைச் செய்த ஆள் கொல்ல நினைக்கேல்லை. ஒரு கிழமை படுக்கவைக்க நினைச்சிருக்கு. அதாவது... வெள்ளிக்கிழமை வராமல் பண்ண!"

தாரிகாவின் போன் அலறியது. துணைவேந்தர்!

"தாரிகா! குழு கூடேல்லை எண்டால் எல்லாம் அடுத்த வருசத்துக்குப் போகும். ஜெயரூபன்ரை ஆராய்ச்சிப் பிரிவை மூட வேண்டி வரும். உடனை ரிசேர்வ் ஆளைக் கூப்பிடும்!"

"ஓம் சேர்... இப்பவே எடுக்கிறன் சேர்."

இன்னொரு எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள். முதல் மணி முடிவதற்குள் எடுக்கப்பட்டது.

"வணக்கம் பிள்ளை. இராசநாயகம்."

"சேர், குழுவிலை ஒரு இடம் காலியா..."

போனுக்குள், அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. "ஓம் எண்டு சொல்லுங்கோ! ஓம் எண்டு சொல்லுங்கோ!"

"வாறன் பிள்ளை. எனக்கும் பொழுது போகேல்லை."

போனை வைத்த தாரிகாவைச் சிவதர்ஷன் முறைத்துப் பார்த்தான்.

"ஆர் இது?"

"பேராசிரியர் இராசநாயகம். இணுவில். ஓய்வு பெற்றவர். உறுப்பினர் ஆருக்கும் ஏலாமல் போனால் இவர் வருவார். ரிசேர்வ்."

"மற்ற மூண்டு பேரின்ரை பேரும் இவருக்குத் தெரியுமோ?"

"இல்லை, இவர் உறுப்பினர் இல்லையே..." சொல்லிக்கொண்டே வந்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ! தெரியும்! சொந்தக்காரர், பகையாளி ஆரும் குழுவிலை இருக்கினமோ எண்டு கேக்க வேணும் எல்லோ? கேட்டனான். மூண்டு பேரையும் சொல்லித்தான் கேட்டனான்!"

ஜீப் இணுவில் பக்கம் சீறியது!

இராசநாயகம் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, குற்றச்சாட்டை முழுவதும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சுவாரசியமான கருதுகோள் தம்பி. ஆனால் ஆதாரம் போதாது. முடிவு தரவை முந்தி ஓடுது. திருத்தி எழுதிக்கொண்டு வாரும்."

"சேர், இது ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை. கேஸ்!"

"அதிலையும் முறையியல் வேணும்."

அவருடைய மனைவி பத்மாசினி தேநீர்த் தட்டோடு வந்தாள். அறுபது வயதிருக்கும். களைத்த கண்கள். இராசநாயகம் ஒரு வாய் உறிஞ்சினார்.

"சாயம் கூட. நேற்று ஆறரை. இண்டைக்கு ஆறு."

"என்ன ஆறு?" என்றான் சிவதர்ஷன்.

"பத்துக்கு ஆறு. பென்சன் எடுத்த நாள் தொடக்கம் வீட்டுச் சமையலின்ரை தரத்தை நான்தான் கண்காணிக்கிறன்."

பத்மாசினி குனிந்த தலை நிமிரவில்லை.

சிவதர்ஷன் பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தான். உள்ளே, மீந்துபோன பணியாரம் ஒன்று.

"இதை எங்கையாவது பாத்தனீங்களோ சேர்?"

எதிர்பார்த்தது பதற்றத்தை. வந்ததோ ஆர்வம்! இராசநாயகம் உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திறந்து மணந்தார்.

"சாப்பிட்டிடாதேங்கோ!" தாரிகா பதறினாள்.

"பாத்தாலே காணும் பிள்ளை. மேலை கருகல். உள்ளை களி. பனங்களியைக் காணுமளவுக்குக் காய்ச்சேல்லை. மாவும் பிசைபடேல்லை. நாலரை." உறையை மேசையில் போட்டார். "முப்பது வருசம் பேர் மறைச்ச கட்டுரையள் வாசிச்சவன் நான். ஆர் எழுதினது எண்டு முதல் பந்தியிலையே சொல்லிப்போடுவன். இதையும் சொல்லுவன்!"

"ஆர் சேர் சுட்டது?"

"இதென்ன கேள்வி? என்ரை மனிசிதான்!"

சொல்லிவிட்டு வெற்றிப் புன்னகையோடு பார்த்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு விநாடி...

இரண்டு விநாடி...

அவருடைய புன்னகை மெல்ல மெல்லக் கரைந்தது. கழுத்து மனைவியின் பக்கம் திரும்பியது.

டங்!

பத்மாசினி தட்டை மேசையில் வைத்த வேகத்தில் கோப்பைகள் துள்ளின.

"நாலரையோ? விடியப்பறம் எழும்பிப் பனங்காய் பிசைஞ்சு சுட்டது... நாலரையோ?"

"இஞ்சேரும்... நீரோ?"

"ஓம், நான்தான்! முப்பது வருசம் நீங்கள் கம்பஸிலை இருந்தியள். நான் நிம்மதியாச் சமைச்சன். இப்ப புட்டுக்கு ஆறு, சொதிக்கு அஞ்சு, சம்பலுக்கு மீள்பரிசோதனை! ஒருக்கா உங்களை வெளியிலை கூப்பிடப் பாத்தினம். அதுவும் ரிசேர்வ்! 'அருட்பிரகாசம் இருக்கும் மட்டும் எனக்கு இடமில்லை' எண்டு நீங்கள்தானே புலம்பினியள்? அந்தாளுக்கு ஒரு கிழமை வயித்தோட்டம் வந்தால் காணும் எண்டு நினைச்சன். கம்பஸ் பிள்ளையின்ரை பேரைப் போட்டால் சந்தேகப்படாமல் சாப்பிடுவார் எண்டும் நினைச்சன்..."

முகத்தைச் சேலைத் தலைப்பில் புதைத்தாள்.

"இருதய வருத்தம் எண்டு தெரியாது பிள்ளை... அந்த மனுசன் செத்திட்டாரோ?"

சிவதர்ஷனின் போன் ஒலித்தது. எடுத்துக் கேட்டான். முகம் இளகியது.

"கண் முழிச்சிட்டாராம்! இனிப் பயமில்லையாம். முதல் கேள்வியே, 'வாசிக்க வேண்டிய கட்டுரையள் எங்கை?' எண்டதாம். வெள்ளிக்கிழமை கட்டோடையாவது வருவாராம்!"

தாரிகா சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பத்மாசினி இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

இராசநாயகம் கதிரையிலேயே கூனிப்போயிருந்தார். முதல் தடவையாக அவரிடம் மதிப்பெண் எதுவும் இருக்கவில்லை.

"இஞ்சேரும்... உமக்கு இவ்வளவு கஷ்டம் எண்டால் முதலே எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான்!" பத்மாசினி திரும்பினாள். "'வாதம் பலவீனம், பத்துக்கு நாலு' எண்டியள்!"

ஸ்டேசனிலிருந்து பெண் பொலிஸ் ஒருத்தி வந்து அவளின் கையைப் பிடித்தாள். பத்மாசினி முரண்டு பிடிக்கவில்லை. ஒரு மாற்றுச் சேலையும் பற்தூரிகையும் எடுத்துக்கொண்டாள். ஜீப்பின் படியில் கால் வைத்தவள், திடீரென்று நின்றாள்.

"தம்பி, ஒரு கேள்வி. ஸ்டேசனிலை சாப்பாட்டுக்கு ஆரும் மார்க்ஸ் போடுவினமோ?"

சிவதர்ஷன் தொப்பியைச் சரிசெய்தான்.

"இல்லையம்மா. அங்கை சாப்பிட்டவன் அடுத்த நாள் எழும்பினால்... சமைச்சவன் பாஸ்!"