உட்கார்ந்த கார்

காலையில் கார் உட்கார்ந்திருந்தது.

முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. பின்பக்கம் தரையோடு தரையாகக் கிடந்தது.

"இன்னைக்கும் எழுந்திருக்கலையா அப்பா?" என்று கேட்டாள் பொடிசு. வீட்டிலேயே சின்னவள் அவள்தான். அதனால் அந்தப் பெயர்.

"எழுந்திருக்கும், எழுந்திருக்கும்" என்று அப்பா சைக்கிள் பம்பை எடுத்தார்.

அந்தப் பழைய காரின் பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு காற்று ஷாக்குகள் இருந்தன. குலுக்கலைத் தாங்குவதுதான் ஷாக்கின் வேலை. ஆனால் இவை காரைத் தூக்கியும் பிடிக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் அப்பா கொஞ்சம் காற்றடிப்பார். கார் நிமிர்ந்துகொள்ளும்.

இப்போது ஷாக்கின் ரப்பர் வெடித்துவிட்டது. அப்பா அடித்த காற்றெல்லாம் புஸ்ஸென்று வெளியே போனது. கார் அசையவில்லை. அப்பாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

அம்மா வாசலுக்கு வந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள இது நேரா நிக்கணும். இல்லைன்னா நாளைக்குக் கடலும் கிடையாது, கரையும் கிடையாது. தரையைப் பெருக்கிக்கிட்டே போற வண்டியில நான் ஏற மாட்டேன்."

பொடிசு இதுவரை கடலையே பார்த்ததில்லை. வகுப்பில் பார்க்காதவள் அவள் ஒருத்திதான்.

சித்தப்பா இரண்டு கைகளிலும் இரண்டு புது ஷாக்குகளோடு வந்து சேர்ந்தார்.

"சாதா ஷாக் அண்ணே. காத்தும் வேண்டாம், பம்பும் வேண்டாம். மாட்டிட்டு மறந்துடலாம்."

காரை ஜாக்கியால் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார்கள். ஒரு போல்ட் துருப்பிடித்து வர மறுத்தது. அப்பா எண்ணெய் விட்டார், கெஞ்சினார், திட்டினார். சித்தப்பா ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கினார். போல்ட் திடீரென்று வந்தது. சித்தப்பாவும் கூடவே வந்தார், பொத்தென்று.

"அடிபட்டுச்சா சித்தப்பா?"

"எனக்கா? தினமும் உடற்பயிற்சி பண்ற உடம்பும்மா இது!" என்று இடுப்பைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார்.

பழைய ஷாக்குகளும் காற்றுக் குழாய்களும் வெளியே வந்தன. புது ஷாக்குகள் உள்ளே போயின. சக்கரங்களை மாட்டியாயிற்று. அப்பா ஜாக்கியை மெல்ல இறக்கினார்.

கார் இறங்கியது. இன்னும் இறங்கியது. பழையபடி உட்கார்ந்துகொண்டது.

"நீ தலைகீழா மாட்டிட்டே" என்றார் அப்பா.

"நானா? நீங்கதானே அண்ணே, நட்டை இறுக்காம ஊர்க்கதை பேசினது!"

"கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான்."

"ஷாக் மேல பழி போடாதீங்க. சாதா ஷாக் வண்டியைத் தூக்காது. தூக்கிப் பிடிக்கிறது ஸ்பிரிங் வேலை."

"ஸ்பிரிங் நல்லாத்தானே இருக்கு? அப்போ இவ்வளவு நாளா எப்படி நேரா நின்னுச்சு?"

"காத்து தூக்கிட்டு இருந்துச்சு."

பொடிசு காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து தூக்கிட்டு இருந்துச்சு, சரி. எதைத் தூக்கிட்டு இருந்துச்சு?"

அப்பா ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தார். சித்தப்பா வானத்தில் எதையோ தேடினார். வாசலில் நின்ற அம்மா அடுப்பு ஞாபகம் வந்தவள் போல உள்ளே எட்டிப் பார்த்தாள்.

பொடிசு டிக்கியைத் திறந்தாள். மேலே ஒரு பழைய போர்வை. அதன் அடியில் அங்கங்கே மேடு தட்டியிருந்தது. ஓரமாக ஒரு வாளி நிறையக் கூழாங்கற்கள். அது அவளுடையதுதான்.

போர்வையை விலக்கக் கை போனது. அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்று பேரின் முகமும் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளைகளின் முகம் போல இருந்தது.

பாவமாக இருந்தது. கையை எடுத்துவிட்டாள்.

வாளியை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தாள். "இது என்னுது" என்றாள். "இப்போ எல்லாரும் சுவரைப் பார்த்து நில்லுங்க. கண்ணை மூடிக்கணும். ஒவ்வொருத்தரா போய் அவங்கவங்க வச்சதை எடுத்துக்கணும். யாரும் யாரையும் கேட்கக் கூடாது."

அவளும் சுவரோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் யாரோ போனார்கள். இரும்பும் இரும்பும் மோதின. "அம்மாடி" என்று ஒரு முனகல். உடற்பயிற்சிக் குண்டுகளைத் தூக்க இவ்வளவு கஷ்டமா என்று நினைத்தாள் பொடிசு. கேட்கவில்லை.

அடுத்தது, பழைய பேட்டரி போல ஏதோ கனமாகத் தரையில் உட்கார்ந்தது. ஒன்றல்ல, இரண்டு. "எல்லாத்தையும் எடைக்குப் போட்டாச்சுன்னு..." என்று அம்மாவின் குரல் ஆரம்பித்தது.

"கேட்கக் கூடாதும்மா!"

பிறகு அம்மா போனாள். கொஞ்ச நேரம் இழுக்கிற சத்தம்.

"ஏங்க, கொஞ்சம் வந்து ஒரு பக்கம் பிடிங்க. கண்ணைத் திறக்காம."

அப்பா தட்டுத் தடுமாறிப் போனார். "என்ன இது? கை வச்சா தையல் மிஷின் மாதிரி இருக்கு? அதைத்தான் உன் தங்கச்சிக்குக் குடுத்துட்டியே?"

"கண்ணை மட்டுமா மூடச் சொன்னேன்? வாயையும் சேர்த்து மூடுங்க" என்றாள் அம்மா.

கிரீச்சென்று ஸ்பிரிங் ஒரு சத்தம் போட்டது.

பொடிசு கண்ணைத் திறந்தாள். கார் எழுந்து நின்றது. முன்னும் பின்னும் ஒரே மட்டமாக, பள்ளிக்கூட வரிசையில் நிற்பதுபோல நின்றது.

அம்மா காரைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். டிக்கியைப் பூட்டி, சாவியைப் பொடிசின் கையில் வைத்தாள்.

"இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்."

மறுநாள் பொடிசு கடலைப் பார்த்தாள். முழங்கால் நனைய நின்று, வெகுநேரம் பார்த்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"எங்கேயும் முடியவே இல்லையேப்பா!"

திரும்பும் நேரம். கரையில் ஒதுங்கிய ஒரு பெரிய மரக்கட்டையைச் சித்தப்பா கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அழகான கட்டை! டிக்கியைத் திற கண்ணு."

பொடிசு சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மடியில வச்சுக்கோங்க சித்தப்பா."