மூடிக்கொண்ட பள்ளம்

நாற்பத்தோராம் எண் எலும்பின் பள்ளம் மூடியிருந்தது.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியிருக்க வழியே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே மேஜையில், இடுக்கி வைத்து அதை உடைத்துத் திறந்தவரே அவர்தான்.

தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்பில் சின்னதாக ஒரு பள்ளம் உண்டு. கையைத் தூக்க வைக்கும் நரம்பு அதன் வழியாகத்தான் இறங்கும். பெரும்பாலோருக்குப் பள்ளத்தின் வாயை ஒரு நார் கட்டியிருக்கும். நரம்பு நெரிந்தால் அந்த நாரைக் கத்தியால் நறுக்கினால் தீர்ந்தது. சிலருக்கு மட்டும் நாரே இறுகி எலும்புப் பாலமாகிவிடும். ரத்தக்குழாய் அந்தப் பாலத்தின் மேல்தான் ஓடும். தெரியாமல் அழுத்தினால் கத்தி வழுக்கிப் போய்க் குழாயை அறுத்துவிடும்.

டாக்டர் அளந்த நூறு எலும்புகளில் ஏழுக்குப் பாலம் இருந்தது. ஸ்கேன் இல்லாமலே இந்த ஆபரேஷனைச் செய்யலாம் என்று கட்டுரை எழுதிப் பெயர் வாங்கத் துடித்தவருக்கு அந்த ஏழும் தொண்டையில் முள். ஒரு மதியம் ஏழையும் உடைத்துவிட்டு, நூறும் திறந்தவை என்று எழுதிக்கொண்டார். கட்டுரை ஓகோவென்று போனது. அடுத்த வருஷம், பாலம் இருந்த ஒரு பெயிண்டர் அவர் ஆபரேஷன் மேஜையிலேயே ரத்தம் கொட்டிச் செத்தான். இதயம் நின்றுவிட்டது என்று அவன் பெண்டாட்டியிடம் சொன்னார். பாவம், அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது இரண்டாம் மாடி ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்தில் கிடப்பது அவர் மகள். பந்து விளையாடி விழுந்தவளுக்கு ஒரு மாதமாகக் கை தூக்க வரவில்லை. தலையைக்கூட அம்மாதான் பின்னிவிட்டாள். பெற்றவனே கத்தி எடுக்கக் கூடாது என்பது தொழில் வழக்கம், அதனால் ஜூனியர் செய்கிறான். ஸ்கேன் எடுத்தாயா என்று டாக்டர் அவனைக் கேட்கவில்லை. கேட்டால், எதற்கு சார் என்பான். எடுத்திருப்பான், எடுக்காமலா இருப்பான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, கீழே எலும்பு அறைக்கு வந்து பெட்டியைத் திறந்திருந்தார்.

கதவு திறந்தது. எலும்பு அறையைக் கவனித்துக்கொள்ளும் மச்சினன் தலையை நீட்டினான்.

"அக்கா மேல அழுதுக்கிட்டு இருக்கு. நீங்க இங்க எலும்போட குடித்தனம் நடத்துறீங்களா அத்தான்?"

"இந்தப் பெட்டியை யாராவது தொட்டாங்களா?"

"சாவி உங்ககிட்டதானே இருக்கு?" அவன் மூக்கை உறிஞ்சினான். "ஏதோ கருகுற வாடை வருதே. சரி சரி, சீக்கிரம் மேல வாங்க."

அவன் போன பிறகு அந்த வாடை அவருக்கும் தெரிந்தது; தியேட்டரில் ரத்தக்குழாயைச் சுட்டு மூடும்போது எழுமே, முடி பொசுங்கியது போல, அதே வாடை பெட்டிக்குள் விரித்த பஞ்சுக்கு அடியிலிருந்து எழுந்து, தொண்டையில் இறங்கி, நாக்கில் இரும்புச் சுவையாகத் தங்கியது, அதற்கு நடுவே கொதிநீர் ஊற்றிய கண்ணாடி டம்ளர் விரிசல் விடுவதுபோல் டிக், டிக்கென்று ஒரு சத்தம். தான் உடைத்த மற்ற எலும்புகளையும் அவர் எடுத்தார். பன்னிரண்டாம் எண், மூடியிருந்தது. அறுபத்தாறு, மூடியிருந்தது. தொண்ணூற்றொன்பதில் மட்டும் பாலம் முடியவில்லை. அவர் பார்க்கப் பார்க்க இரண்டு முனைகளும் நெருங்கின. தொட்டன.

டிக்.

போன் அடித்தது. ஜூனியர்.

"சார், நர்ஸ் போனைப் பிடிச்சிருக்காங்க, நான் உள்ளதான் இருக்கேன். கத்திக்குக் கெட்டியா ஏதோ தட்டுது. உங்க கட்டுரையை நம்பி பாப்பாவுக்கு ஸ்கேன் எடுக்கலை. தடிச்ச நாராத்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினா அறுந்துடும். அழுத்தட்டுமா?"

வேண்டாம். அந்த ஒரு சொல் போதும்.

ஏன் சார் என்பான். நூறுல ஒண்ணுகூட மூடி இல்லையே என்பான். அங்கே ஆரம்பித்துப் பெயிண்டரின் பெண்டாட்டி வரை போகும்.

ஒரு மூச்சு நேரம் டாக்டர் சும்மா இருந்தார்.

"சரி சார்," என்றான் ஜூனியர்.

"நிறுத்துடா!"

நறுக்.

இடுக்கி போட்ட அதே சத்தம். போனில் தட்டு விழுந்தது. யாரோ வீறிட்டார்கள். "சார், ரத்தம் நிக்கலை. எங்கேருந்து வருதுன்னே தெரியலை. சார்."

கையிலிருந்த எலும்பு சுட்டது. அதன் துளையிலிருந்து ரத்தம் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது. வாய்க்குள் போனது. விட்டு விட்டு அடித்தது, நாடி அடிப்பதுபோல. ஏழு எலும்புகளும். மேஜை நிறைந்து வழிந்தது. செருப்பு வழுக்கியது. ஓட வேண்டும். கதவுப் பிடியைப் பற்ற வலது கையை நீட்டப் பார்த்தார். கை எழவில்லை.

பீறல் மெதுவானது. இன்னும் மெதுவாக. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

நின்றது.

போனில் ஜூனியர் விசும்பினான்.

பெட்டியில் நூறு அறைகள். நூறாவது அறையை ஒட்டி, பஞ்சில், ஈரமாக ஒன்று கிடந்தது. சின்னது. சதை இன்னும் ஒட்டியிருந்தது. பள்ளத்தின் மேல் பாலம் பாதியில் உடைந்திருந்தது. எண் அவர் கையெழுத்திலேயே இருந்தது.

நூற்றொன்று. மை இன்னும் காயவில்லை.