மூன்றில் இரண்டு

மூன்றரை மணிக்கு யாரோ "அக்கா" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பினாள். கூப்பிட்டது அவளை இல்லை.

ஒன்பது வருடமாக அந்த அலுவலகத்தில் அக்கா என்றால் அவள்தான். மூன்று சர்வர்களை நிறுவி, ஊழியர் பதிவேட்டை மூன்றிலும் ஒன்றுபோல ஓடவிட்டவள். ஆனால் மேலாளரே கோப்பும் கையுமாகப் போய் நின்றது எதிர் வரிசையில், புதுசின் மேசையில்.

புதுசு சேர்ந்து நாலு மாதம்தான். வயதும் பத்து குறைவு. இருபது நிமிடம் இழுத்துக்கொண்டிருந்த ஒரு தேடலை, இதற்கு மேல் வேகமாக்கவே முடியாது என்று அவள் கைவிட்டதை, புதுசு வந்து இரண்டு நொடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்தது. புதுசு தண்ணீர் குடித்தாலும் எரிந்தது, சிரித்தாலும் எரிந்தது. புதுசு நடந்துபோன வழியில் கொஞ்சநேரம் நிற்கும் எலுமிச்சை சோப்பு வாசனைகூட, தன்னைச் சீண்டுவதற்கென்றே அங்கே நிற்பதாகத் தோன்றியது.

அந்த எரிச்சலில்தான் இன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அதைச் செய்தாள். பதிவேட்டில் ஆளுக்கு ஒரு எண். எந்த மேசை, எந்தக் கதவு திறக்கும், செய்த வேலை என்ன, கணவர் யார், பிள்ளை யார், எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்கும். புதுசின் எண் இருக்கும் இடத்திலெல்லாம் என் எண்ணை வை என்று ஒரு கட்டளை எழுதினாள். அந்தக் கைதட்டல் தன் பெயருக்கு வரட்டும். அவள் எங்கேயும் மிஞ்ச வேண்டாம். தட்டினாள். நெஞ்சு குளிர்ந்தது.

இப்போது பதிவேட்டைத் திறக்கப் போனால், அப்படி ஓர் ஆள் இல்லை என்றது. மதியம் எழுதியதை எடுத்துப் படித்தாள். எண்கள் இடம் மாறியிருந்தன. என் எண் இருக்கும் இடத்திலெல்லாம் அவள் எண்ணை வை.

கணவரைப் போனில் கூப்பிட்டாள்.

"யாருங்க பேசறது?" என்றார் அவர், கடன் வேண்டுமா என்று கேட்பவர்களிடம் பேசும் குரலில். அவள் பெயர் சொன்னாள். தவறான எண் என்று வைத்துவிட்டார்.

மிச்சமிருந்தது மூன்றாவது சர்வர்தான். அது கீழ்த்தளத்தில் இருந்தது. எலி கடித்து அதன் கேபிள் போனதில், காலையிலிருந்து மற்ற இரண்டோடும் அதற்குப் பேச்சில்லை. மதியம் போட்ட கட்டளை அதற்குத் தெரியாது. அதில் அவள் இன்னும் அவளாகவே இருந்தாள். மகளின் பெயரைப் பதிவேட்டில் அவள் ஏற்றியதும் இன்று காலை, இதில்தான்; மற்ற இரண்டுக்கும் அது இன்னும் போகவில்லை. தொடர்பு வந்தால் மூன்றும் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டு சொல்வது சரி, மூன்றாவது தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்த விதியை எழுதியவளும் அவள்தான். ஐந்து மணிக்குச் சரியாகிவிடும் என்று நெட்வொர்க்காரர் சொல்லியிருந்தார். மணி நாலே முக்கால்.

படியிறங்கி ஓடினாள். வரவேற்பறையில் கணவர் நின்றிருந்தார். புதுசின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, புதுசு சொன்ன எதற்கோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து எத்தனை வருடமாயிற்று? பயத்துக்கு நடுவிலும் அதுதான் அவளைச் சுட்டது. தன் வாழ்க்கை புதுசின் உடம்பில் தன்னைவிடப் பொருத்தமாக உட்கார்ந்திருந்தது.

பள்ளிப் பையோடு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்த மகள், அவளைப் பார்த்ததும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா அந்த ஆன்ட்டியைப் போய் அம்மாங்கறாரும்மா. விளையாட்டுக்குத்தானே?"

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சர்வர் அறையின் கதவு மட்டும் உள்ளே இருக்கும் சர்வரைக் கேட்டுத் திறப்பது. அவள் அட்டைக்குத் திறந்தது. உள்ளே குளிர், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை, ஓயாமல் இரையும் மின்விசிறிகள், இருட்டில் வரிசையாக எரியும் சின்னச் சின்ன விளக்குகள். நெட்வொர்க்காரர் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார். புதுக் கேபிள் மாட்டியிருந்தது. தொடர்பு விளக்கு இன்னும் சிவப்புதான்.

கேபிளைப் பிடுங்கினாள். பிடுங்கியதைக் கையில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இனி வராது. இரவெல்லாம் இங்கேயே இருக்கலாம். மகள் மடியில் இருக்கிறாள். அது போதும். புதுசு என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். மகளை மட்டும் அவள் தர மாட்டாள்.

கதவின் கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் வந்து நின்றார்கள். தட்டவில்லை. அவசரம் இல்லாதவர்களாக, பொறுமையாக.

எலுமிச்சை வாசனை.

விளக்கு பச்சையானது.

கையைப் பார்த்தாள். கேபிள் கையில்தான் இருந்தது. சர்வரின் பின்பக்கம் தடவினாள். இன்னொன்று. இந்த முறை நெட்வொர்க்காரர் இரண்டாகப் போட்டிருந்தார். பிடித்து இழுத்தாள். வரவில்லை.

"அம்மா, எனக்கு என்னமோ பண்ணுது."

மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் பற்றினாள். இறுக்கிப் பற்றினாள். நெற்றி அகலமாகிக்கொண்டிருந்தது. நிதானமாக. மேலிருந்து கீழே. வரி வரியாக. கண்ணை மட்டும் தாண்டிவிட்டு மூக்கு. பிறகு உதடு. பிறகு இடது கன்னத்தில், அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஒரு குழி.

"கையை எடுங்க ஆன்ட்டி," என்றது வாய். புதுசைப்போலவே சிரித்தது.

கண்கள் இரண்டும் இன்னும் மகளுடையவை. அவை அவளையே பார்த்து அழுதுகொண்டிருந்தன.