பதினைந்து ஜோடி ஸ்கேட்டுகள்

ஆகஸ்ட் மாதம் வந்த காட்டுத்தீ எங்கள் ஊரில் பத்து வீட்டுக்கு ஒன்பது வீட்டைத் தின்றுவிட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. எங்கள் தெருவில் புகைபோக்கிகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன.

நாங்கள் ஐஸில் சறுக்கி ஹாக்கி ஆடும் பனி அரங்கம் பிழைத்துக்கொண்டது. சுற்றிலும் சரளைக்கல் கொட்டிய தரை, மேலே தகரக் கூரை. தீ அதுவரை வந்து பார்த்துவிட்டு, கடிக்க ஒன்றும் கிடைக்காமல் திரும்பியிருக்க வேண்டும்.

ஆனால் அரங்கத்தில் ஐஸ் தரையைச் சீவி வழவழப்பாக்கும் ஐஸ் வண்டியை ஓட்டும் ஹாஸ்லம் மாமா இல்லை. போலீஸ் இரண்டு முறை வந்து கூப்பிட்டும் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லையாம். அதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. இப்போது எங்கள் ஹாக்கி கோச் லண்ட் அம்மாதான் அந்த வண்டியை ஓட்டுகிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இடித்துக்கொண்டே ஓட்டுகிறார். எங்களுக்குச் சிரிப்பு வர வேண்டும். வருவதில்லை.

என் பெயர் மார்னி. வயது பதினொன்று. எங்கள் அணியில் மொத்தம் பதினைந்து பேர். சின்ன ஊர் என்பதால் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்தே ஆடுவோம். இப்போது எல்லாரும் பள்ளிக்கூடத்தின் பின்னால் வரிசையாக நிறுத்திய, சக்கரம் வைத்த ட்ரெய்லர் வீடுகளில் இருக்கிறோம். எல்லாருடைய உடுப்பும் யாரோ கொடுத்தது. என் கோட்டின் உள்ளே 'கோர்டன்' என்று தைத்திருக்கிறது. அதனால் கொஞ்ச நாள் எனக்கு அதுதான் பெயர்.

ஐஸில் சறுக்க, அடியில் பிளேடு வைத்த ஸ்கேட்டுகள் பதினான்கு பேருக்கு வீட்டோடு எரிந்துபோயின. என்னுடையது மட்டும் தப்பியது. சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும் என்று அம்மா ஜூன் மாதமே அதைக் காரின் பின்பெட்டியில் போட்டு, மறந்தே போயிருந்தார். வேறு ஒரு காரணமும் இல்லை.

என் தோழி கோலெட் அவளுடைய வீடு இருந்த இடத்தில், அவள் அப்பாவோடு சேர்ந்து மூன்று நாள் சாம்பலைக் கிளறினாள். அவளுடைய நாய் டோபியைத் தேடினாள். டோபி கிடைக்கவில்லை. இரண்டு ஸ்கேட் பிளேடுகள் கிடைத்தன. நீலம் பாய்ந்து, வாழைப்பழத் தோல் மாதிரி வளைந்திருந்தன.

"சாணை பிடிச்சா சரியாயிடுமா?" என்று கேட்டாள்.

நான் ஒன்றை வாங்கி, முட்டியில் வைத்து நிமிர்த்தப் பார்த்தேன்.

நவம்பர் முதல் வாரம், தூரத்து நகரத்திலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே பதினான்கு ஜோடி பழைய ஸ்கேட்டுகள். கூடவே கேமராவோடு ஒருவர் வந்திருந்தார்.

கோச் பெட்டியை உடைமாற்றும் அறையில் கவிழ்த்தார். அடுத்தவர்களின் கால் நாற்றம் குப்பென்று வந்தது. எல்லாரும் பாய்ந்தார்கள். ரீட் என்ற பையன் கறுப்பாகப் பளபளத்த ஒரு ஜோடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கோலெட் கடைசியாகத்தான் கை நீட்டினாள். மிஞ்சியது ஒரே ஒரு ஜோடி.

"சீக்கிரம் சீக்கிரம்! எல்லாரும் தூக்கிப் பிடிங்க. இன்னும் கொஞ்சம் சிரிங்க!" என்றார் கேமராக்காரர்.

பதினான்கு பேரும் சிரித்தார்கள். என்னிடம் தூக்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்.

கோலெட்தான் எங்கள் அணியில் பலசாலி. அவள் வேகமாக வந்து சட்டென்று நின்றால், ஐஸ் துகள் தெறித்து என் முகத்தில் விழும். ஆனால் அந்த ஸ்கேட்டைப் போட்ட நாளிலிருந்து, சுடுமணலில் நடப்பவள் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். பந்தயம் வைத்து ஓடினால் ஏழு வயதுக் குழந்தை அவளை முந்திவிடும்.

"என்னடீ, முட்டைமேல நடக்கறியா?" என்று ரீட் கத்தினான்.

இதைச் சொன்ன ரீட் மட்டும் என்ன? அவன் முட்டி மடங்கவே இல்லை. விறகுக்கட்டைக்குத் தொப்பி போட்ட மாதிரி நின்றவாறே சறுக்கிக்கொண்டு போனான்.

இரண்டாவது வாரம், எல்லாரும் போன பிறகு கோலெட் சாக்ஸைக் கழற்றினாள். வெள்ளை சாக்ஸ் சுண்டுவிரல் பக்கம் சிவந்திருந்தது. நான் பார்த்துவிட்டேன்.

"ஐயோ, ரத்தம்! வா, கோச்கிட்ட சொல்லலாம்."

"வாயை மூடு, மார்னி. சொன்னே, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்."

"ஏன்டீ? வலிக்குதுல்ல?"

"குடுத்ததுல குறை சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. இந்தக் கோட்டு கை குட்டை. நான் ஏதாவது சொன்னேனா? போர்வையில மூட்டைப்பூச்சி மருந்து நாத்தம். அதுக்கும் தேங்க்ஸ்தான் சொன்னேன்."

அவள் சாக்ஸை உருட்டிப் பைக்குள் திணித்தாள். "நான் நாளையிலேர்ந்து வரல. எனக்கு ஹாக்கியே பிடிக்கல."

அது பொய். நான்கு வயதிலிருந்து அவளை எனக்குத் தெரியும்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் என் ஸ்கேட்டை எடுத்துக்கொண்டு அவள் ட்ரெய்லருக்குப் போனேன். அவள் அப்பா உள்ளே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோலெட் படிக்கட்டுக்கு வந்தாள்.

"நீ இதைப் போட்டுக்கோ. நான் வேற பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் முகம் மலரும் என்று நினைத்தேன். அவள் ஸ்கேட்டை என் பக்கமே தள்ளினாள்.

"நீயுமா? ஊர் உலகமே எனக்குக் குடுத்துக்கிட்டு இருக்கு. பல் தேய்க்கற பிரஷ்கூட எவங்களோ குடுத்ததுதான். இப்ப உனக்கும் நான் தேங்க்ஸ் சொல்லணுமா? போடீ."

கதவு சாத்திக்கொண்டது. நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். முதலில் அவள்மேல் கோபமாக இருந்தது. பிறகு, கோர்டனின் கோட்டில் மூக்கைத் துடைத்தபோது, கோபம் போய்விட்டது. அந்தக் கோட்டு எனக்கும்தான் அக்குளில் கடித்தது. நானும்தான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த பயிற்சியன்று ஆட்டத்தைப் பார்க்காமல் எல்லாருடைய கால்களையும் பார்த்தேன். ரீட் நடக்கும்போது நொண்டினான். எங்கள் அணியிலேயே குட்டிப் பையன் வெண்டல், ஸ்கேட்டின் முனையில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துக்கொண்டிருந்தான். ஒருத்தி லேஸை இறுக்கும்போது பல்லைக் கடித்தாள். ஆனால், "ஸ்கேட் எப்படி இருக்கு?" என்று கோச் கேட்டதும் எல்லாரும் ஒரே குரலில், "சூப்பர், கோச்!" என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த அறையில், ஸ்கேட் விஷயத்தில் மட்டும் யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லாதவள் நான் ஒருத்திதான்.

சனிக்கிழமை, கோச் ஐஸ் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். கோலெட்டும் வந்திருந்தாள், வீட்டில் இருக்க முடியாமல் வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் உடைமாற்றும் அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து, என் ஸ்கேட்டை அறையின் நடுவில் தொப்பென்று போட்டேன்.

"எல்லாரும் உங்களோடதை இங்க போடுங்க. திரும்ப முதல்லேர்ந்து போட்டுப் பாக்கலாம்."

"எதுக்கு?" என்றான் ரீட்.

"எதுவுமே யாரோடதும் இல்ல. எந்தக் காலுக்கு எது சேருதோ, அது அவங்களுக்கு. என்னோடதும் இதுல சேர்த்தி."

யாரும் அசையவில்லை. பிறகு வெண்டல், "எனக்கு உள்ள பேப்பர் இருக்கு. பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு, தன்னுடையதைக் கொண்டுவந்து போட்டான். அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கோலெட் பைக்குள்ளிருந்து எடுத்து, யாரையும் பார்க்காமல் வீசினாள்.

ரீட் மட்டும் பளபளப்பானதை விடவில்லை. "இது என்னோடது. பேப்பர்ல போட்டோகூட வந்துச்சு."

"சரி, அதைப் போட்டுக்கிட்டு முட்டியை மடக்கு, பாப்போம்."

"மடக்குவேனே!"

அவன் எழுந்து நின்று முக்கினான். முகம் தக்காளி மாதிரி சிவந்தது. முட்டி அப்படியே இருந்தது. வெண்டல் களுக்கென்று சிரித்தான்.

நான் ஸ்கேட்டின் கணுக்கால் பக்கத்தை இரண்டு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பலகை மாதிரி இருந்தது. "நீ ஒல்லி. இது நல்லா கனமா இருக்கறவங்களுக்கு. அவங்க சாய்ஞ்சாதான் இது வளையும்."

ரீட் குனிந்து லேஸைத் தளர்த்தினான். "குதிகாலும் உள்ள லொடலொடன்னு ஆடுது. ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கேன்" என்றான் மெதுவாக.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"கோலெட் ஏன் சொல்லல?" என்றான் அவன்.

அவ்வளவுதான், அறையே பேச ஆரம்பித்தது. எனக்கு விரல் மடங்குது, எனக்கு மேல் பாதம் நசுங்குது, எனக்கு ஊறின ரொட்டி மாதிரி கொழகொழன்னு இருக்கு, கணுக்கால் உள்பக்கம் சாயுது. இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்த வலியெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

எனக்கு ஸ்கேட் வாங்கியபோது கடைக்காரர் செய்தது எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒரு மெல்லிய சாக்ஸ் மட்டும் போட வேண்டும். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்காரவைத்து, லேஸ் கட்ட வேண்டும். நிமிர்ந்து நின்றால் கால்விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கினால் விரல் பின்னால் வந்துவிட வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. லேஸ் கட்டுமுன் ஒரு பென்சிலை லேஸ் ஓட்டைகளின் மேல் குறுக்கே வைத்துப் பார்க்கலாம். பென்சில் பாதத்தில் முட்டினால் ஸ்கேட்டில் ஆழம் போதாது என்று அர்த்தம்.

"தொடுதா?"

"தொடுது."

"மடக்கு. இப்போ?"

"இன்னும் இடிக்குது."

"கழட்டு. அடுத்தது!"

கோலெட்டின் முறை வந்தது. என் ஸ்கேட்தான் அவளுக்குச் சரியாக இருக்கும் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அவளும் தயங்கித் தயங்கி அதைத்தான் முதலில் எடுத்தாள். காலை நுழைத்ததும் முகம் சுளித்தாள்.

"அகலம் பத்தல. கணுக்காலும் தொளதொளங்குது."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அவள் வாங்கிக்கொண்டிருந்தால் இதையும் போட்டுக்கொண்டு வலியோடுதான் ஓடியிருப்பாள். எனக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லியிருப்பாள்.

பளபளத்த ஜோடியை ரீட்டே அவள் பக்கம் நகர்த்தினான். "இதைப் போட்டுப் பாரு. எனக்கு எருமை மாதிரி ஆள் வேணும்னு இது அடம்பிடிக்குது."

"யாருடா எருமை?" என்றபடி கோலெட் காலை நுழைத்தாள். குதிகாலைத் தட்டினாள். எழுந்து நின்று முட்டியை மடக்கினாள். பலகை மாதிரி இருந்த ஸ்கேட், அவள் பலத்துக்கு மெல்ல முன்னால் வளைந்து கொடுத்தது. அவள் இன்னொரு முறை மடக்கினாள். இன்னொரு முறை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"பேசாதே. இரு."

என் ஸ்கேட் ரீட்டுக்குப் பொருந்தியது. அதில் கத்திரிப்பூ நிற லேஸ். "லேஸை மாத்திக்கலாம்ல?" என்று மூன்று முறை கேட்டான். கோலெட்டைக் கடித்த அந்தக் குறுகல் ஜோடி, குறுகலான என் காலுக்கு வந்து சேர்ந்தது. அன்றிரவு என் பழைய ஸ்கேட்டை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். அது வேறு விஷயம்.

வெண்டலுக்கு மட்டும் எதுவும் சேரவில்லை. எல்லாம் பெரிது. அவன் பேப்பரை மறுபடி சுருட்ட ஆரம்பித்தான்.

"அதை வை கீழே" என்று வாசலில் குரல் கேட்டது. கோச் லண்ட் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. "அவங்களுக்கு நான் ஃபோன் பண்றேன். ஒரு ஜோடி சின்ன சைஸ் வேணும்னு கேக்கறேன்."

"குறை சொன்ன மாதிரி ஆகாதா, கோச்?" என்றான் வெண்டல்.

"சைஸ் சொல்றேன்டா. அவ்வளவுதான்." அவர் பெஞ்சில் உட்கார்ந்து கண்களைத் தேய்த்தார். "அன்னிக்கே நான் பாத்திருக்கணும். என் தப்பு. போங்க, ஐஸுக்குப் போங்க."

அன்று கோலெட் ஓடினாள். ஓடி வந்து, எனக்கு முன்னால் சட்டென்று நின்றாள். ஐஸ் துகள் என் முகமெல்லாம் தெறித்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் துடைக்கவில்லை. வெண்டல் கோச்சின் பக்கத்தில், ஓரமாக நிறுத்திய ஐஸ் வண்டியின்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

பயிற்சி முடிந்தபோது, பக்கத்து ஊர் சமையல் குழு அனுப்பிய பெரிய பானை ஒன்று மேஜைமேல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பட்டாணி சூப். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகைபோக்கிகள் மட்டும் தெரிந்தன. வழக்கம்போல எல்லாரும் தலையைக் குனிந்து குடிக்கத் தொடங்கினோம்.

கோலெட் ஒரு வாய் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இந்த சூப்பை வாயில வைக்க முடியல" என்றாள்.

எல்லாரும் கோச்சைப் பார்த்தோம். கோச் தன் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்து, நிதானமாக விழுங்கினார்.

"ஆமா. உப்பே இல்ல" என்றார்.

"பட்டாணி வேகவே இல்ல!" என்றான் ரீட்.

"என் காலைக் கழுவின தண்ணி மாதிரி இருக்கு!" என்றான் வெண்டல்.

கோலெட்டுக்குச் சிரிப்பு வந்து மூக்கில் ஏறிக்கொண்டது. ஆகஸ்டுக்குப் பிறகு அவள் நிஜமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பானை காலியாகும்வரை அந்த சூப்பைத் திட்டிக்கொண்டே குடித்தோம்.