நீல நூல் வட்டம்

தெருவில் அவளுக்குக் 'கறை டாக்டர்' என்று பெயர். எண்ணெய், மை, துரு, எந்தக் கறையின் பாச்சாவும் அந்தச் சலவைக்கடைக்காரியிடம் பலிக்காது. அப்படிப்பட்டவளுக்கே, மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் கழித்து, போன மாதம் திடீரென்று உதிரம் கொட்டியது. கருப்பையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று காலையிலிருந்து மருத்துவமனை போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. வீட்டில் ஒருவருக்கும் இதுவரை மூச்சு விடவுமில்லை.

மத்தியானம் ஒரு பழைய வீட்டில் வேலை. வீட்டை விற்கப்போகிறார்கள், திரைச்சீலை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துப்போய் வெளுத்துத் தரவேண்டும். வண்டி ஓட்டி வந்தது அவளுடைய நாத்தனார். கடையில் கூட்டாளியும் அவள்தான். கதவைத் திறந்துவிட்ட தரகர் வாசலோடு நின்றுகொண்டார்.

"ஏன், உள்ள பேய் இருக்கா?" என்று நாத்தனார் சிரித்தாள்.

தரகர் சிரிக்கவில்லை. "இங்க இருந்த அம்மாவுக்கு ரத்தப்போக்காம். வீடு நிறைய ஆளுங்க, ஒருத்தர்கிட்டயும் சொல்லலையாம். அவங்க போனப்புறம் மெத்தையைத் திருப்பிப் போட்டப்பதான் தெரிஞ்சுதாம்."

கறை டாக்டர் அதைக் காதில் வாங்காதவள்போல் படுக்கையறைக்குப் போனாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. அந்த அறை மட்டும் ஈரமாக இருந்தது. பூட்டிக் கிடந்த வீட்டின் மக்கல் வாடைக்கு அடியில் துருப்பிடித்த இரும்பின் நெடி. கட்டிலில் வெள்ளை விரிப்பு, அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை.

கறையைக் கண்டால் அதைச் சுற்றி நீல நூலால் தையல் ஓட்டுவது அவள் வழக்கம். மெஷினில் போடுமுன் கையால் கவனிக்கவேண்டிய இடம் என்று கடையில் எல்லோருக்கும் புரியும். இரத்தமென்றால் பச்சைத் தண்ணீர்தான். சூடு பட்டால் துணியைவிட்டு ஜென்மத்துக்கும் போகாது. ஊசியை எடுத்து வட்டம் தைத்தாள். கத்தரிக்கோலைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

கறை தையலைத் தாண்டியிருந்தது.

கண்தான் சரியில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு, முதல் வட்டத்தைச் சுற்றித் தள்ளி இன்னொரு வட்டம் தைத்தாள். பாதியிலேயே நூல் நனைந்தது.

தொட்டுப் பார்த்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

பின்னால் இருந்த காலி நாற்காலி கிரீச்சிட்டது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் விடும் முனகல். அந்த முனகல் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாக அவளே குளியலறையில் விட்டது.

"சொல்லாதே."

காதோரம் சில்லென்று மூச்சு பட்டது.

"துவைச்சிடு. யாருக்கும் தெரியாது."

பையில் போன் அடித்தது. அதை நோக்கிப் போன அவள் விரல்களைப் பனிக்கட்டி போன்ற விரல்கள் பற்றிக்கொண்டன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வார்த்தைகள், ஓர் எழுத்துக்கூட மாறாமல். பயந்த இடத்திலேயே அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"என் பேச்சையே எனக்குத் திருப்பிச் சொல்றியா? விடு கையை!"

உதறிக்கொண்டு போனை எடுத்தாள். "ரிசல்ட் வந்துடுச்சும்மா. டாக்டர் நேர்லதான் பேசணும்னு சொல்றாங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றது ஒரு பெண்குரல்.

"வர்றேன். இப்பவே வர்றேன்."

சத்தம் கேட்டு ஓடிவந்த நாத்தனாரிடம், ஒரு மாதமாக மறைத்த எல்லாவற்றையும் கொட்டினாள். நாத்தனார் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "ஊரார் துணியில இருக்கிற கறையையெல்லாம் தெருவுக்கே கேக்கிற மாதிரி சொல்வீங்க. உங்களுதுக்கு மட்டும் வாய்க்குப் பூட்டா? கிளம்புங்க அண்ணி!" கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டிச் சாவியைத் தேடினாள்.

கதவருகில் போன கறை டாக்டர் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்துட்டே. நான் அப்படிப் போகமாட்டேன். வேணும்னா நீயும் வந்து கேளு."

நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது.

மருத்துவமனையில் டாக்டர் அறைக்கு வெளியே இருவரும் காத்திருந்தார்கள். நாத்தனார் இடப்பக்கம் அவள் கையைப் பிடித்தபடி இருந்தாள். வலப்பக்க இருக்கை காலி. அங்கிருந்து துருவின் நெடி லேசாக வந்தது. அவள் தலையைத் திருப்பவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "உள்ள ரெண்டு நாற்காலிதான் இருக்கு. மூணு பேர்ல ஒருத்தர் வெளிய இருங்க."

நாத்தனார் அக்கம்பக்கம் பார்த்தாள். "நாங்க ரெண்டு பேருதானே?"

"இன்னொரு நாற்காலி போடுங்க" என்றாள் கறை டாக்டர். "அவங்களும் கேக்கணும்."

டாக்டர் அறிக்கையைப் பிரித்தபோது மேசைக்கடியில் அதே பனிவிரல்கள் அவள் கையைத் தேடி வந்தன. நடுங்கிக்கொண்டிருந்தன. இந்த முறை அவள் உதறவில்லை. இறுகப் பற்றிக்கொண்டாள்.

"எதுவா இருந்தாலும் சத்தமாவே சொல்லுங்க டாக்டர்."

நர்ஸ் கொண்டுவந்து போட்ட மூன்றாவது நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது. அதில், ஒன்றுக்குள் ஒன்றாக, இரண்டு நீல நூல் வட்டங்கள் இருந்தன.