சின்னக்கண்ணு சொன்ன பேர்

அரூர் கொட்டகையில் ஓடிய சண்டைப் படத்தில் எல்லோரும் ஆகாய விமானத்தைப் பார்த்தார்கள். சின்னக்கண்ணு அதன் வயிற்றுக்குக் கீழே பார்த்தாள். குண்டுப்பெட்டி சுமந்த கூலிகளில் ஒருவன் தலைத்துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, இடது காதுப் பக்கம் சரித்து வைத்திருந்தான். சித்தேரி மலையில் அப்படிச் சும்மாடு வைக்கிறவன் அவள் புருஷன் மட்டும்தான்.

அவள் முழுகாமல் இருந்தபோது அசாமில் விமான மைதான வேலைக்குப் போனவன். ஆறு மாதத்துக்கு முன் தாலுக்கா ஆபீசுக்குக் காகிதம் வந்தது, ஆளைக் காணவில்லை என்று. பெரியவர்கள் காரியத்தை முடித்துவிடச் சொன்னார்கள். காணவில்லை என்றால் செத்துப்போனான் என்றா அர்த்தம் என்று கேட்டு அவள் மறுத்துவிட்டாள். கடுக்காய் விற்க வந்த அண்ணன் கரியன், அவள் மனசு கொஞ்சம் மாறட்டும் என்றுதான் படத்துக்குக் கூட்டி வந்தான்.

அவர்கள் ஊரில் பெண்டாட்டி தன் புருஷன் பேரைச் சொல்வது ஆயுளில் ஒரே முறை. அவன் செத்த பின், சுனையோரம் விளக்கேற்றி, பேர் சொல்லி வீட்டுக்கு அழைப்பாள். ஆவி வந்து விளக்கில் இறங்கும். பிறகு அது வீட்டுச் சாமி, யாரையும் தொடாது.

திரையில் அபாயச் சங்கு ஊதியது. கதாநாயகன் சிகரெட்டை எறிந்துவிட்டு ஓடினான். கூலிகளும் ஓடினார்கள். சும்மாடு சரித்தவன் மட்டும் பெட்டியோடு மெதுவாக நடக்க, மேலிருந்து ஒரு நிழல் அவன்மேல் விழுந்து அகன்றுகொண்டே போனது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மல்லையா, வூட்டுக்கு வா."

கொட்டகை சிரித்தது. திரையில் அவன் பெட்டியை இறக்கி வைத்தான். திரும்பினான். முன்வரிசை மணலில் குழந்தையோடு இருந்த அவளை நேராகப் பார்த்தான். பிறகு திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது.

படம் முடிந்ததும் மெஷின்காரரிடம் ஓடிக் கேட்டாள். கதை நடிப்புதான், மூட்டை தூக்குகிறவர்கள் மட்டும் நிஜ ஆட்கள் என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "போன வருசம் புடிச்சதுங்கம்மா. மறு வாரமே அங்க குண்டு வுழுந்து ஒருத்தரும் மிஞ்சலைன்னாங்க."

விடியுமுன் மலையேறினார்கள். தன் ஊருக்குப் பிரியும் இடத்தில் கரியன் நின்றான். "வெளக்கு இல்லாம கூப்புட்டுட்டியே, பாப்பா. எதுல வந்து எறங்கும்?"

அதன் பிறகு அவள் தனியாக நடந்தாள். காட்டு மல்லிகை மணத்தினூடே கருகிய எண்ணெய் வாடை வந்து வந்து போனது. தோளில் கிடந்த ஒன்றரை வயதுச் சாலம்மாள் பின்பக்கம் பார்த்துக் கைநீட்டிச் சிரித்தாள். சின்னக்கண்ணு திரும்பிப் பார்த்தாள். வெறும் பாதை. சருகுகூட அசையவில்லை. குழந்தை மறுபடி சிரித்தது.

வீட்டு வாசலில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. குழந்தையை இறக்கிவிட்டுக் கதவின் நாதாங்கியை எடுத்தாள். பின்னால் குழந்தையின் சிரிப்பு. திரும்பினாள்.

அவன் நின்றிருந்தான்.

சட்டையில் காக்கி இல்லை. தோலில் கறுப்பு இல்லை. எல்லாம் சாம்பல் நிறம். முகம், கை, கண். காலடியில் நிழல் இல்லை. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடுங்கியிருக்க வேண்டும். அவளுக்கும் அது தெரியும். ஆனால் வந்துவிட்டானே என்ற சந்தோஷத்தில், ஒரு மூச்சு நேரம், சும்மா நின்றுவிட்டாள்.

அவன் குனிந்தான். பார்க்காத மகளைத் தூக்கினான்.

முதலில் சிவப்புப் பாவாடை வெளுத்தது. பிறகு பாதம். முழங்கால். கன்னம். சாலம்மாள் வாயெல்லாம் திறந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். சத்தமே வரவில்லை.