இருபத்துநான்காவது சென்சார்

உலை இன்னும் சூடேறவே தொடங்கவில்லை. உள்ளே, விமான இறக்கை அச்சின் கடைக்கோடியிலிருந்த இருபத்துநான்காவது சென்சார் மட்டும் முப்பத்தேழு டிகிரி காட்டியது. மனித உடம்பின் சூடு.

மற்ற இருபத்துமூன்றும், மலாக்காத் தொழிற்சாலையின் குளிருக்கு அடங்கி, இருபத்திரண்டில் கிடந்தன. டாக்டர் ஃபவ்சானின் கணினி சிமுலேஷனும் அதையேதான் சொன்னது. இறக்கையின் கார்பன் துணியில் ரெசின் பசை எந்த நிமிடம் எங்கே இறுகும் என்று முன்கூட்டியே காட்டும் அதை அவர் ‘என் மாடல்’ என்பார். பெற்ற மகளைக்கூட அவ்வளவு வாஞ்சையாகச் சொன்னதில்லை.

உலைக்குள் போகிறவர் தன் பூட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போவது அங்கே பழைய வழக்கம். பூட்டு தொங்கினால் கதவு மூடாது. பட்டிக்காட்டுப் பழக்கம் என்று அதை ஒழித்தவர் ஃபவ்சான். உள்ளே ஆள் இருந்தால் உடல்சூட்டைக் கண்டு சென்சாரே கதவை மூடவிடாமல் நிறுத்துமாம். இப்போதும் நிறுத்தியிருந்தது, விமானக் கம்பெனி விருந்தாளிகள் கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வேடிக்கை பார்க்க. இன்று உலையை ஓட்டிக் காட்டாவிட்டால் ஒப்பந்தம் பினாங்குக்குப் போய்விடும்.

“நாலு தடவை உள்ள போய்ப் பாத்துட்டேன் டாக்டர், யாருமில்ல,” என்றாள் உலையை இயக்கும் நோராய்னி. “ஆனா கடைசியில நிக்கிறப்ப பிடரியில யாரோ மூச்சு விடுறாப்ல இருக்கு.”

“மூச்சுக்கு எந்தப் பொத்தான்னு சொல்லு, அமுக்கிடறேன்.”

விருந்தாளிகள் சிரித்தார்கள். அந்தத் தெம்பில், மாடல் எதிர்பாராத முப்பத்தேழை எங்கே கண்டாலும் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடு என்று கணினிக்கு உத்தரவிட்டார். திரை பச்சையானது: உள்ளே யாருமில்லை. அதை நிரூபிக்க, டேப்லெட்டும் கையுமாகத் தாமே உள்ளே நடந்தார்.

“பூட்டு, டாக்டர்.”

“அது உங்கள மாதிரி ஆளுங்களுக்கு.”

உள்ளே ரெசினின் காரநெடி. அச்சின் மேல் சுருக்கமின்றி இழுத்து ஒட்டிய பிளாஸ்டிக் உறை, அவர் ஓர் அடி வைக்கும்போதெல்லாம் எங்கோ தொலைவில் ஒருமுறை நொறுங்குவதுபோல் சத்தமிட்டது, அவர் நின்றபின்பும் மறுமுறை சத்தமிட்டது. திரும்பினார். வேகமாக. பாதி வழியிலேயே கதவு மூடிக்கொண்டது. யாருமில்லை என்று சொன்னால் மூடத்தானே செய்யும்.

ஒலிபெருக்கியில் நோராய்னி பதறினாள்: “கதவு மூடினதும் உலை தானா ஓட ஆரம்பிச்சிடுச்சு. அந்த உத்தரவ எடுங்க டாக்டர். ஆள் தெரிஞ்சாத்தான் சூடு நிக்கும்.”

டேப்லெட்டில் எடுத்தார். திரை மாறியது: உள்ளே ஒருவர்.

“தெரியுறீங்க. சூடு நின்னுடுச்சு. கதவு திறக்கப் பத்து நிமிஷம் ஆகும், பயப்படாதீங்க.”

ஃபவ்சான் மூச்சுவிட்டார். பிறகு, அந்த ஒருவரைக் கண்ட சென்சாரின் எண்ணைப் பார்த்தார். இருபத்துநான்கு.

ஓடிவந்து அவர் நின்றது கதவோரம், முதல் சென்சாரின் பக்கத்தில். அதன்மேல் உள்ளங்கையை அழுத்தினார். இருபத்திரண்டு டிகிரி. இன்னும் அழுத்தினார். இருபத்திரண்டு.

திரையில் அந்த ஒருவர் இருபத்துமூன்றாவது சென்சாருக்கு வந்தார்.

இருபத்திரண்டாவதுக்கு.

உறையின் மேல் ஒரு வெறும்பாதம் பதிந்தது. ஐந்து விரல்களும் தெளிவாக. அதற்கு முன்னால், இன்னொன்று.